முப்பத்தாறும் நாற்பதும்

சந்தானம் அங்கிளை அழைத்துவரும் வேலை தென்றலின் தலையில் விழுந்ததற்கு ஒரே காரணம், இருபது பேர் கொண்ட அந்த லத்தீன் பேண்டில் அவள் ஒருத்திதான் இந்தியாக்காரி. பேண்ட் தலைவர் ரூபேன் யாரோ அனுப்பிய வீடியோவில் கொன்னக்கோல் பார்த்துவிட்டார். வாயாலேயே மிருதங்கச் சொற்களைப் பொழிந்து தள்ளும் அந்த வித்தையில் மனிதர் சொக்கிப்போனார். "உன் பாட்டின் நடுவில் இது வந்தால் பிரமாதமாக இருக்கும். உங்கள் ஆட்களில் யாராவது இருப்பார்களே?" என்று கேட்டார். அவள் ஆட்கள் யார், எங்கே இருக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. அவளுக்கும் தெரிந்தது ஒரே ஒருவரைத்தான்.

கம்ப்யூட்டர் சிப் கம்பெனியில் டைரக்டராக இருந்து ஓய்வுபெற்றவர் சந்தானம் அங்கிள். லிவர்மோர் கோயிலில் நடக்கும் கலைவிழா எதுவும் அவர் கை படாமல் நடக்காது. சனிக்கிழமைதோறும் தன் வீட்டுக் கராஜில் பிள்ளைகளுக்கு மிருதங்கம் சொல்லிக்கொடுப்பார். உலகத்தில் நல்லதாக எது இருந்தாலும் அது நம்மிடமிருந்து போனது என்று நிரூபிப்பது அவருடைய மற்ற ஆறு நாள் வேலை. பீட்சா ஊத்தப்பத்தின் பிள்ளை, யோகா சொல்லவே வேண்டாம், ஜாஸ் என்பது இலக்கணம் மறந்த தனி ஆவர்த்தனம். இதையெல்லாம் கோயில் பிரசாத வரிசையில் நிற்கும்போது எதிரே மாட்டிக்கொண்டவர்களிடம் சொல்வார். தென்றல் பல தடவை மாட்டியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் "ஆமாங்க அங்கிள்" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் கணவன் இளமாறனிடம் அவரைப் போலவே பேசிக் காட்டிச் சிரிப்பாள். அதில் அவள் கெட்டிக்காரி.

அவள் பாட்டு என்று ரூபேன் சொன்னது சும்மா இல்லை. தென்றல் அந்த பேண்டில் நான்காவது டிராம்போன். அவள் வளர்ந்த பிளானோவில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிதில், பேண்ட் மாஸ்டர் வகுப்பில் யாருக்குக் கை நீளம் என்று பார்த்து அவளிடம் கொடுத்த, குழாயை நீட்டி நீட்டி ஊதும் வாத்தியம் அது. மற்ற தமிழ்ப் பிள்ளைகளெல்லாம் வயலினும் கிளாரினெட்டுமாக வீடு திரும்ப, இவள் ஒரு ஆள் உயரப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து நின்றாள். அம்மா அன்று அழுதது இன்னும் குடும்பத்தில் பேசப்படுகிறது. டிராம்போன்களில் நான்காவது என்றால் யாருக்கும் தனியாகக் காதில் விழாத இடம். வருஷக்கணக்கில் அந்த இடத்தில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டே அவள் ஒரு பாட்டு எழுதினாள். டிரம்பெட்டுக்கு, சாக்ஸபோனுக்கு, காங்கோ மேளத்துக்கு என்று ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக எழுதி, மலைமேல் சுற்றும் காற்றாலைகளைப் பார்த்து அதற்குப் பெயரும் வைத்தாள். பேண்டின் முதல் ஆல்பத்தில் கடைசிப் பாட்டாக அதைச் சேர்த்துக்கொள்வதாக ரூபேன் சொன்ன நாளில் அவள் ஃப்ரீவேயில் காரை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு அழுதாள். எழுதியது தென்றல் என்று ஒரு ஆல்பத்தில் வந்துவிட்டால் மற்ற பேண்டுகளும் கேட்கும். வராவிட்டால் அவள் என்றைக்கும் நான்காவது டிராம்போன்தான்.

அதைப் பதிவு செய்ய ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கிடைத்தது. நான்கு மணிக்குத் தாளக்காரர்கள் எல்லோரும் ஒரு கல்யாணத்தில் வாசிக்கப் போயாக வேண்டும். அதற்குள் முடிந்தால் உண்டு, முடியாவிட்டால் ஆல்பம் ஒன்பது பாட்டோடு போகும் என்று ரூபேன் முன்பே சொல்லியிருந்தார்.

அங்கிள் ஒத்திகைக்கு வரவில்லை. "ஸ்பாட்ல பாத்துக்கலாம்மா. நமக்கு எதுக்கு ரிஹர்சல்?" என்றுவிட்டார். ஞாயிறு அன்று லிவர்மோரிலிருந்து ஓக்லாந்து ஸ்டூடியோவுக்குப் போகும் வழியில், பட்டு ஜிப்பாவும் மடியில் வெந்நீர் ஃபிளாஸ்க்குமாக முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு வந்தவரிடம் கிளாவே பற்றிச் சொல்லிவிடலாம் என்று அவள் ஆரம்பித்தாள்.

"அங்கிள், இந்த ம்யூசிக்ல கிளாவேன்னு ஒண்ணு இருக்குங்க. ரெண்டு குச்சியத் தட்டுவாங்க. அதுதான் எல்லாத்துக்கும்..."

"பாத்தேன்மா, யூட்யூப்ல. மூணு தட்டு, அப்புறம் ரெண்டு தட்டு. மூணும் ரெண்டும் அஞ்சு. கண்ட ஜாதி! நம்மகிட்டேர்ந்து கப்பல்ல போயிருக்கு."

"இல்லங்க அங்கிள், தட்டுறதுதான் அஞ்சு. எண்ணிக்கை எட்டு."

"எட்டுன்னா ஆதி தாளம். அதுவும் நம்மளுதுதான். வேலை இன்னும் ஈசி." ஃபிளாஸ்க்கைத் திறந்து ஒரு வாய் குடித்தார். "நீ ஒண்ணும் டென்ஷன் ஆகாத. நான் லேண்ட் ஆகுறப்ப அவங்க சேந்துக்கணும், அவ்ளோதான். அத மட்டும் சொல்லி வச்சுடு."

"சரிங்க அங்கிள்" என்றாள் தென்றல். மண்டைக்கனம் பிடித்த கிழம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அடுத்த இருபது நிமிஷமும் அவர் பேசினார், அவள் தலையாட்டினாள்.

ஸ்டூடியோ வாசலில் அவர் செருப்பைக் கழற்றி வைத்தார். நாற்காலி வேண்டாம், தரையில் உட்கார விரிப்பு வேண்டும் என்றார். மைக் ஸ்டாண்டுகளை எல்லாம் ஒலிப்பதிவாளர் குனிந்து குனிந்து இறக்கினார். பிறகு அங்கிள் தன் பையிலிருந்து ஒரு பொன்னாடையை எடுத்து உதறி, இருபது பேர் பார்க்க, ரூபேனின் தோளில் போர்த்தினார். தென்றலைப் போட்டோ எடுக்கச் சொன்னார். ஒன்று சரியில்லை என்று மறுபடி போர்த்தி இன்னொன்று எடுக்கச் சொன்னார். ரூபேன் நல்ல மனிதர். அந்தச் சரிகைத் துணியைக் கழற்றினால் தவறாகிவிடுமோ என்று, அதைப் போட்டுக்கொண்டே பிற்பகல் முழுக்க வியர்த்தார். தென்றலுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

முதல் தடவை வாசித்தார்கள். பாட்டு நன்றாக எழுந்தது. டிரம்பெட்டுகள் உச்சத்துக்குப் போய் சட்டென்று நிற்க, மொத்த பேண்டும் அடங்கியது. ஒடாலிஸின் கிளாவே மட்டும் தொடர்ந்தது. ஒடாலிஸ் கியூபாக்காரி, பின்பாட்டு பாடுகிறவள். இரண்டு மரக்குச்சிகளையும் அவள்தான் தட்டுவாள். எட்டு எண்ணிக்கைக்கு ஒரு சுற்று. முதல் நாலில் மூன்று தட்டு, அடுத்த நாலில் இரண்டு தட்டு. பாட்டு தொடங்கியதிலிருந்து முடிகிறவரை அது முன்பின்னாகத் திரும்பவே கூடாது. வானமே இடிந்தாலும் மூன்றுக்கு அப்புறம் இரண்டுதான். மற்ற எல்லோரும் அதன் மேல்தான் ஏறி நிற்கிறார்கள்.

அங்கிள் ஹெட்ஃபோனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். தொடையில் தாளம் போட்டபடி சொல்ல ஆரம்பித்தார். தகதிமியும் தாங்கிடதகவும் பொரிந்து தள்ளின. பேண்ட்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். அதைச் சொல்லத்தான் வேண்டும், மனிதருக்கு நாக்கு அப்படிப் புரண்டது. கடைசியில் ஒரே சொற்கட்டை மூன்று தடவை சொல்லித் தீர்மானம் வைத்து "தோம்" என்று இறங்கினார். இருபது பேரும் அந்த "தோம்" மேல் பாய்ந்தார்கள். பாய்ந்தவர்கள் அடுத்த நொடியே சறுக்கினார்கள். காங்கோ வாசிப்பவர் கையைத் தூக்கிவிட்டார். பியானோ ஒரு பக்கம், ஒடாலிஸின் குச்சி ஒரு பக்கம் போனது.

தென்றல் விரலை மடக்கிப் பார்த்தாள், புரிந்துவிட்டது. அவருடைய சொற்கட்டு பன்னிரண்டு எண்ணிக்கை. மூன்று தடவை சொன்னால் முப்பத்தாறு. அது நாலால் வகுபடும், எட்டால் வகுபடாது. அவரைப் பொறுத்தவரை நாலு நாலாக எண்ணி முதல் தட்டில் வந்து விழுந்துவிட்டார். கணக்கு சுத்தம். ஆனால் அவர் விழுந்த இடத்தில் கிளாவேயின் இரண்டாவது பாதி ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு அங்கே முதல் பாதியைக் கேட்கிறது. இன்னும் நாலு எண்ணிக்கை சேர்த்து நாற்பதாக்கினால் எல்லாம் சரி.

ரூபேனுக்கும் அது புரிந்திருந்தது. பொன்னாடையை ஒதுக்கிக்கொண்டு அவளிடம் வந்தார்.

"எதிர்ப் பக்கத்தில் இறங்குகிறார்" என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். "உன் விருந்தாளி. நீயே சொல்லிவிடு. உங்கள் மொழியில் சொன்னால் அவருக்கும் சங்கடமாக இருக்காது."

"சொல்கிறேன்" என்றாள்.

விரிப்பில் உட்கார்ந்திருந்தவரிடம் போனாள். குனிந்தாள். அங்கிள் நிமிர்ந்து பார்த்தார், நெற்றியில் வியர்வை, முகமெல்லாம் மலர்ச்சி.

"எப்படிம்மா?"

"சூப்பர் அங்கிள்" என்றாள் தென்றல். "இன்னொரு டேக் போலாங்களா?"

இரண்டாவது தடவையும் முப்பத்தாறு. அதே சறுக்கல். "என்னம்மா இவங்க? நான் கரெக்டா சமத்துலதான இறங்குறேன், ஏன் தடுமாறுறாங்க?" என்று அங்கிள் கேட்டார். தாளத்தின் முதல் தட்டைத்தான் சமம் என்கிறார். அதைக் கையால் அடித்தும் காட்டினார். தென்றல் பல்லைக் கடித்துக்கொண்டு, "புதுசுங்கல்ல அங்கிள், பழகிடுவாங்க" என்றாள். வாழ்நாள் முழுக்க இதையே வாசித்தவர்கள் பழகிவிடுவார்களாம்.

பாத்ரூமுக்குப் போய் இளமாறனுக்கு போன் போட்டாள்.

"சொல்லிடு தென்றல். என்ன பண்ணிடப் போறாரு?"

"உனக்கென்ன, சொல்லுவ. பேனர்ல பேரு சின்னதா போட்டாங்கன்னு மூணு மாசம் கோயில் கமிட்டில யார்கூடவும் பேசாத ஆளு. அவர்கிட்டப் போய் லயத்துல தப்புன்னு சொல்றதா? அவரு வொய்ஃப் சாந்தாமணி ஆன்ட்டி மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது? எனக்கு ஆபரேஷன் ஆனப்ப ரசம் கொண்டுவந்து குடுத்தவங்க."

"அப்ப பாட்டு?"

"நான் பாத்துக்கறேன். வேற வழி இருக்கு."

அவள் பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான். முதலில் பேண்டிடம் போய், அவர் முடித்ததும் நாலு எண்ணிக்கை சும்மா இருந்துவிட்டுச் சேருங்கள் என்றாள். அப்படியே செய்தார்கள். அங்கிள் "தோம்" என்று இறங்க, அந்தப் பெரிய அறையில் குச்சிச் சத்தம் தவிர வேறொன்றும் இல்லை. கண்ணைத் திறந்து அவர் சுற்றுமுற்றும் பார்த்த பார்வை, விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு இலை போடாதவர்களைப் பார்க்கிற பார்வை. "என்னம்மா, முடிவுல கைய விட்டுட்டாங்க?" என்றார். குரல் சிறுத்துப் போயிருந்தது. "ஸாரி அங்கிள், மிஸ்டேக் ஆயிடுச்சு" என்று பேண்டின் சார்பில் இவள் மன்னிப்புக் கேட்டாள்.

பிறகு ஒடாலிஸிடம் போனாள்.

"அவர் முடிக்கிற இடத்தில் ஒரு தடவை மட்டும் இரண்டு தட்டை விட்டுவிடு. மறுபடி மூன்றிலிருந்து ஆரம்பி."

ஒடாலிஸ் குச்சிகளை மடியில் வைத்தாள். "கிளாவேயைத் திருப்பச் சொல்கிறாயா?"

"ஒரு தடவைதான்."

"இது யாருக்கு வேண்டும்? அவருக்கா?"

"எனக்கு" என்றாள் தென்றல். "பாட்டு என்னுடையது. நான் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்."

பச்சைப் பொய். ஒடாலிஸ் அவளை ஒரு முறை பார்த்துவிட்டு, காகிதத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டாள். மற்ற தாளக்காரர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு குறித்துக்கொண்டார்கள். பாட்டை எழுதியவள் கேட்டால் மறுக்கும் பழக்கம் அவர்களிடம் இல்லை.

அந்த டேக்கில் எல்லாம் சேர்ந்து விழுந்தது. அங்கிள் இறங்கினார், பேண்ட் இறங்கியது, ஒருவரும் தடுமாறவில்லை. அங்கிள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். ஆனால் அந்த இடத்துக்கு அப்புறம் பாட்டு செத்துப்போயிற்று. காங்கோ வாசிப்பவர் எழுதியிருந்ததை வாசித்தார், கை மட்டும்தான் வாசித்தது. அதுவரை நாற்காலியில் ஆடிக்கொண்டே வாசித்த சாக்ஸபோன்காரர்கள் ஆடுவதை நிறுத்தி, காகிதத்தைப் பார்த்து எண்ண ஆரம்பித்தார்கள். கடைசி உச்சத்தை டிரம்பெட்டுகள் பிழையில்லாமல் வாசித்தன, அவ்வளவுதான் சொல்லலாம். தென்றல் டிராம்போனை வாயிலிருந்து எடுத்தபோது அவளுக்கே தெரிந்துவிட்டது.

இன்னொரு தடவை முயன்றார்கள். அதுவும் அப்படியே. மணி நான்கை நெருங்கியது. ரூபேன் ஹெட்ஃபோனைக் கழற்றி, அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இதை ஆல்பத்தில் போட முடியாது. கிளாவேயைத் திருப்பிய பேண்ட் என்று எங்களைச் சிரிப்பார்கள். நீ ஏன் இப்படி மாற்றி எழுதினாய் என்று எனக்குப் புரியவில்லை. ஒத்திகையில் நன்றாகத்தானே இருந்தது?" அவர் சற்றுத் தயங்கிவிட்டு, "அவர் வாயால் சொன்னது அற்புதம். அதை மட்டும் வெட்டி எடுத்து, இரண்டு பாட்டுக்கு நடுவில் ஒரு சின்னத் துண்டாக வைத்துக்கொள்கிறேன். அவர் பெயர் போட்டு" என்றார்.

அங்கிள் பெயர் ஆல்பத்தில் வரும். தென்றல் பெயர், டிராம்போன்கள் என்ற வரியில் நான்காவதாக வரும்.

தாளக்காரர்கள் அவசரமாகக் காங்கோக்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒடாலிஸ் குச்சிகளை ஒரு துணியில் சுற்றிப் பையில் வைத்தாள். பக்கத்தில் நின்ற தென்றலைப் பார்க்காமலே பேசினாள்.

"நீ அவரிடம் சொல்லவேயில்லை, இல்லையா?"

"அவர் பெரியவர். எங்களில் அப்படிச் சொல்லமாட்டோம்."

"சரி. அந்த ஒருவரிடம் வாயைத் திறப்பதைவிட எங்கள் இருபது பேரையும் தப்பாக வாசிக்க வைப்பது உனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது." பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "மரியாதை எங்களுக்கு மட்டும் கிடையாது போல." சொல்லிவிட்டு வண்டிக்குப் போய்விட்டாள்.

திரும்பும் வழியில் ஃப்ரீவே நெரிசலில் நின்றது. அங்கிள் ஸ்டூடியோ போட்டோக்களை வாட்ஸ்அப்பில் மூன்று குழுக்களுக்கு அனுப்பி முடித்தார். பிறகு ஃபிளாஸ்க்கைத் திறந்தார்.

"உன் பாட்டு நல்லாத்தான் இருந்துச்சும்மா. என்ன, அந்தப் பசங்களுக்குக் கணக்கு வரல. கடைசி ரெண்டு டேக்ல சேந்துட்டாங்க, ஆனா ஏதோ மாவு மாதிரி இருந்துச்சு. எனக்கே கேட்டுச்சு. லயம் வீக்கு. எங்கிட்ட ஒரு ஆறு மாசம்..."

"கணக்கு தப்பு உங்களோடது அங்கிள்."

வாயிலிருந்து வந்துவிட்டது. வந்தது வந்துவிட்டது என்று கொட்டித் தீர்த்தாள். "அது எட்டுல ஓடுது. நீங்க முப்பத்தாறுல இறங்குறீங்க. முப்பத்தாற எட்டால வகுக்க முடியாது. நீங்க சமம்னு நெனைக்கிற எடம் பாதி சுத்துதான். அவங்க யாரும் தப்பு பண்ணல. மொத டேக்லேர்ந்து நீங்கதான் தப்பு. உங்களுக்காகத்தான் கிளாவேயத் திருப்பச் சொன்னேன், அதுலதான் பாட்டு போச்சு. ஆல்பத்துல என் பாட்டு இல்ல."

அங்கிள் ஃபிளாஸ்க் மூடியைக் கையில் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மாசம் இல்லை, ஜென்மத்துக்கும் பேசமாட்டார் என்று அவள் முடிவு செய்துகொண்டாள். ஆன்ட்டிக்கு என்ன சொல்வது என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். அதற்குள் அவர் இடது கை தொடைமேல் மூன்றும் இரண்டுமாகத் தட்ட ஆரம்பித்திருந்தது. உதடு மெதுவாக அசைந்தது. மூன்று தடவை சொல்லி முடித்து, தொடையில் தட்டு விழுந்த இடத்தைக் குனிந்து பார்த்தார்.

"அட, ஆமாம்மா."

மறுபடி ஆரம்பித்தார். இந்தத் தடவை சொற்கட்டுக்கும் சொற்கட்டுக்கும் நடுவில் இரண்டு எண்ணிக்கை மூச்சு விட்டார். இரண்டு இடத்தில் இரண்டிரண்டு. "தோம்" என்று டாஷ்போர்டில் அடித்து இறங்கினார். மூன்று தட்டு தொடங்கும் இடத்தில், மிகச் சரியாக வந்து விழுந்தது. கேட்கவே நன்றாக இருந்தது. அந்த மூச்சு விட்ட இடங்களில் குச்சிச் சத்தம் கேட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

"நடுவுல ரெண்டு எடத்துல ரெண்டு ரெண்டு கார்வை விட்டா நாப்பது. முடிஞ்சு போச்சு. ஒரு நிமிஷ வேலைம்மா இது" என்றார். அவள் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபமே இல்லை, குழப்பம்தான் இருந்தது. "அங்கயே சொல்றதுக்கென்ன?"

"நீங்க... தப்பா எடுத்துப்பீங்கன்னு..."

"பேரு சின்னதா போட்டா கோவம் வரும். வராம? கணக்குல என்னம்மா கோவம் இருக்கு? என் குருநாதர் கச்சேரி மேடையிலேயே மண்டைல குட்டுவாரு. தப்புன்னா தப்பு." மூடியை ஃபிளாஸ்க்கில் வைத்துத் திருகினார். ஜன்னல் வழியே எட்டி, முன்னால் தெரிந்த பச்சைப் பலகையைப் படித்தார். "அடுத்த எக்ஸிட்ல எறங்கித் திருப்பேன்மா. போய் நாப்பதா சொல்லிக் குடுத்துட்டு வந்துடலாம். இருப்பாங்கல்ல?"

"எல்லாரும் போயிட்டாங்க அங்கிள்" என்றாள் தென்றல். நெரிசல் விட்டது. பின்னாலிருந்த வண்டி ஹாரன் அடிக்கும்வரை அவள் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.